பூந்தமல்லிக்குக் கண் காட்டப் போய் ஐயப்பன்தாங்கலில் இறங்கிய கதை

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பயணங்கள் எப்படிப்பட்டவை என்று தெரியும். கொல்லிமலை, ஜவ்வாது மலை, வால்பாறை. முதுகில் பை, காலில் ஷூ, பக்கத்தில் என் மனைவி மாலதி. இந்த முறை திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லிக்குப் போனேன். ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர். தனியாக. கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று காலண்டர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில், ஒரு வியாழக்கிழமை.

இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்காதீர்கள். சர்க்கரை நோய் பற்றிய மருத்துவ ஆராய்ச்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். சேருவதற்கு முன்னால், அங்கே என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் ஆகும், எப்படிப் போய்வருவது என்று இணையத்தில் தேடினேன். தமிழில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை. நான் எழுதினால் இன்னொருவர் என் அளவுக்குத் திண்டாட வேண்டியிருக்காது.

முதலில் கண் கதை. போன வருடக் கடைசியில் கொல்லிமலையில் ஒரு வளைவில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தில் ஒரு பருந்து. நல்ல உயரத்தில் அசையாமல் நின்றது. கேமராவை எடுக்கத் தலையைத் திருப்பினேன், பருந்தும் கூடவே திரும்பியது. கீழே பார்த்தேன், அதுவும் கீழே வந்து என் ஷூவின் மேல் உட்கார்ந்தது. ஊருக்கு வந்து கண் டாக்டரிடம் போனேன். பருந்தாகத் தெரிந்தது கண்ணுக்குள் மிதக்கும் ஒரு புள்ளி, அது பெரிய விஷயமில்லை என்றார். ஆனால் உள்ளே படம் எடுத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பன்னிரண்டு வருடச் சர்க்கரை இரண்டு கண்ணிலும் விழித்திரையின் ரத்தக்குழாய்களைக் கெடுத்து வைத்திருந்தது. சின்னச் சின்னக் கசிவுகள்.

அந்தச் சமயத்தில் மாலதி இங்கே இல்லை. டல்லாஸில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். ஆறு மாதம் என்று போனவள், குழந்தைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று ஏதாவது வந்து தங்கிவிட்டாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் வருவாள். பேரனைக் காட்டுவாள். "சாப்பிட்டீங்களா, சுகர் பார்த்தீங்களா" என்பாள். கண்ணைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு அவளால் என்ன செய்ய முடியும்?

பிறகுதான் அந்தக் கண் டாக்டர், பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆராய்ச்சி நடப்பதாகச் சொன்னார். (பெயர் போடவில்லை. விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம்.) அங்கிருந்து பிரியா என்ற பெண் போன் செய்தார். ஆராய்ச்சிக்கு வருபவர்களின் தேதி, பரிசோதனை எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பவர் அவர்தான். "சார், வெறும் வயித்துல வாங்க. கண்ல சொட்டு மருந்து விடுவோம், நாலஞ்சு மணி நேரம் சரியாத் தெரியாது. கண்டிப்பா துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மாடியில் குடியிருக்கும் முத்து வருவதாகச் சொல்லியிருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, அன்று அவனுக்கு ஓய்வு நாள். முந்தின நாள் சாயங்காலம் வந்து தலையைச் சொறிந்தான். வேறொருவர் வராததால் அவனை ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். "பரவாயில்லப்பா" என்றேன். அதன் பிறகு போனை எடுத்து, யாரைக் கூப்பிடலாம் என்று பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். தொழிற்சாலையில் என்னோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள், கல்யாணத்துக்கு அழைத்தால் வருபவர்கள், பிறந்தநாளுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்புபவர்கள் என்று நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு வேலை நாளில் காலை ஆறு மணிக்கு என்னோடு கிளம்பி வா என்று கேட்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அலாரம் வைத்தேன்.

காலை 5.50க்குக் கிளம்பினேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் டிக்கெட் ஐந்து ரூபாய். அண்ணனூர், அதை விட்டால் ஆவடி. அந்த நேரத்தில் ஆவடிப் பக்கம் போகும் வண்டியில் கூட்டம் இருக்காது, எதிர்ப்பக்கம்தான் பிதுங்கும். ஆவடி ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையம் நடக்கும் தூரம். பூந்தமல்லிக்கு அடிக்கடி வண்டி உண்டு. தட எண்ணை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, மெட்ரோ வேலையால் எதை எங்கே திருப்பிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஏறும்முன் நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காடுவெட்டிப் பாலத்தில் கூவம் கொஞ்சம் தண்ணீரும் நிறைய ஆகாயத்தாமரையுமாகக் கிடந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை வந்த வழி. அன்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வது போலப் பார்த்தேன். கடைப் பலகைகளில் சின்ன எழுத்து எதுவரைக்கும் படிக்க முடிகிறது என்று எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். கண்ணில் கோளாறு என்று தெரிந்தபின் வரும் கெட்ட பழக்கம் இது. பார்ப்பதை விட்டுவிட்டுப் பார்வையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கரையான்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஏழேகால் மணிக்கு மருத்துவமனையில் இருந்தேன். ஆராய்ச்சிப் பிரிவு மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு. ரத்தம், சிறுநீர், பிரஷர், எடை. காலில் நைலான் நரம்பு போன்ற ஒன்றால் தொட்டுத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்பது மணிக்குக் கேன்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டு, வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். இரண்டு இட்லிதான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. அவசரப்படாமல் பேசினார்.

"கையில அடிபட்டா செவந்து வீங்குதில்ல சார்? அது உடம்பு தன்னைக் காப்பாத்திக்கப் பண்ற வேலை. அழற்சின்னு சொல்லுவோம். வேலை முடிஞ்சா அடங்கிடும். சர்க்கரை ரொம்ப வருஷமா கூடவே இருந்தா, அடியே படாம அந்த வேலை உள்ள மெதுவா நடந்துட்டே இருக்கும். அடங்காது. ரத்தக்குழாய் சுவத்துல வெள்ளை அணுக்கள் வந்து ஒட்டிக்கும், சுவர் பழுதாகும், கசியும். கண், கிட்னி, கால் நரம்பு எல்லாத்துலயும் இதுக்குப் பங்கு இருக்கு."

"அப்போ சர்க்கரையைக் குறைச்சா போதாதா?"

"அதை விடவே கூடாது. அதோட சேர்த்து அழற்சியையும் அடக்கினா, கண் கெடறது இன்னும் மெதுவாகுமான்னு பார்க்கறோம். ஆகும்னு சொல்லல. ஆகுமான்னு பார்க்கறோம்."

பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு அதே போல் இருக்கும் வெறும் மாத்திரை. எனக்கு எது என்று கேட்டேன்.

"எனக்கே தெரியாது சார். தெரியக் கூடாது. தெரிஞ்சா உங்க கண்ணை நான் வேற மாதிரி பார்ப்பேன்."

எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம், அதற்காக வழக்கமான சிகிச்சை நிற்காது என்று இரண்டு முறை சொன்னார். கையெழுத்துப் போட்டேன். என் வயதில் ஒருவன் எதற்காவது உபயோகமாக இருக்கலாம் என்பது ஒரு பக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாரோ ஒருவர் என் கண்ணுக்குள் அக்கறையாக உற்றுப் பார்ப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். எது பெரிய காரணம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

பத்தே முக்காலுக்குச் சொட்டு மருந்து. எரிச்சல் கொஞ்சம்தான். விளக்கு மங்கலாக இருந்த ஓர் அறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். எல்லோருக்கும் மாஸ்க். சற்று நேரத்தில் எதிரே இருப்பவையெல்லாம் ஓரம் கரைந்து போயின.

"அண்ணே, இந்த சீட்ல ஆள் கீதா?"

பெண் குரல். இல்லை, உட்காருங்கள் என்றேன். அவருக்கும் அப்போதுதான் மருந்து விட்டிருந்தார்கள். பெயர் ஜமீலா. பூந்தமல்லியில் ஜாக்கெட் துணி விற்கும் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். புடவையைக் கொண்டுவந்து காட்டினால், அதே நிறத்தில் துணி எடுத்துத் தர வேண்டும்.

"இருவது வருசமா அதான் வேலை. நூறு செவப்பு வெச்சாலும் பிரிச்சிடுவேன். போன வருசம் ஒரு பொண்ணு மயில் கழுத்து கலர் கேட்டுது, குட்த்தேன். மறுநாள் வந்து 'இன்னாக்கா, பச்சைய குட்த்துகீறே'ன்னு சண்டை. அப்புறம் இன்னொண்ணு, இன்னொண்ணு. நீலமும் பச்சையும் ஒண்ணாவே தெர்து. சாயம் போன துணி அனுப்பறான்னு கம்பெனிக்காரன்கிட்ட சண்டை போட்டேன்ணே. கண்ணுன்னு தோணவே இல்ல."

"துணைக்கு யார் வந்திருக்காங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. பையன் சவுதில, தமாம்ல கீறான். மருமவ வந்தா கடைய யாரு தொறப்பா? உங்களுக்கு?"

"எனக்கும் யாரும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து அவரிடம், "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்றார். ஜமீலா ஒரு நொடிகூடத் தயங்காமல், "இதோ, அண்ணன்" என்றார். நர்ஸ் போய்விட்டார். ஸ்கேன் எல்லாம் முடிந்து கிளம்பும்போது, கவுன்டரில் வேறொருவர் என்னிடம் அதையே கேட்டார். பின்னால் நின்ற ஜமீலாவைக் காட்டி, "அவங்கதான்" என்றேன். லிப்டில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இதைச் செய்தது தவறு. ஏன் என்று இனிமேல் தெரியும்.

மணி ஒன்றேகால். வாசலுக்கு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. கண்மணி விரிந்திருக்கும்போது மதிய வெயிலில் நிற்பது எப்படி என்றால், யாரோ நம் முகத்துக்கு நேரே டார்ச் அடித்துக்கொண்டே இருப்பது மாதிரி. சாலை தெரிகிறது, வண்டிகள் தெரிகின்றன, எல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியது போல. போனை எடுத்தால் திரையில் வெறும் வெளிச்சம். ஆட்டோ கூப்பிடும் செயலி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜமீலா துப்பட்டாவை நெற்றிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"ஆவடி வண்டி டெப்போகிட்டதான் கெடைக்கும். பூந்தமல்லி டெப்போ வரைக்கும் ஒண்ணாப் போவோம். உங்களை ஏத்தி வுட்டுட்டு நான் ஊட்டுக்கு நடந்துடுவேன்" என்றார்.

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைக் கூட்டிப் போனோம் என்று தெரியாது. மெட்ரோ தூண்களுக்காக நிறுத்தத்தை இடம் மாற்றியிருந்தார்கள். கேட்டுக் கேட்டு ஓரிடத்தில் நின்றோம். ஒரு பேருந்து வந்து நின்றது. முகப்பில் எழுத்துகள் ஓடின, அல்லது எரிந்தன.

"டெப்போ போவுமா?" என்று ஜமீலா கத்தினார்.

"டெப்போதாம்மா, ஏறு ஏறு" என்றார் நடத்துனர்.

ஏறிவிட்டோம். அவருக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட். நானும் "டெப்போ ஒண்ணு" என்று வாங்கினேன். உட்கார இடம் கிடைத்தது. அவர் கடையைப் பற்றியும் நான் மலைகளைப் பற்றியும் பேசிக்கொண்டே போனோம். பூந்தமல்லி வர இவ்வளவு நேரமா என்று எனக்குத் தோன்றியபோது வண்டி திரும்பி, ஒரு பெரிய வளாகத்துக்குள் போய் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள்.

"இது எங்க ஏரியா மாதிரி இல்லியே" என்றார் ஜமீலா.

ஐயப்பன்தாங்கல் டெப்போ. எதிர்த் திசையில் வந்திருக்கிறோம். நடத்துனர் மேல் ஒரு குறையும் இல்லை, டெப்போவா என்று கேட்டோம், டெப்போவில் விட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் இடுப்பில் கை வைத்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டு பேருக்குமே கண்ணு தெர்லன்றீங்க, ரெண்டு பேரும் ஜோடி போட்டு கெளம்பிகீறீங்க?"

நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார். பூந்தமல்லி வண்டி வந்தால் தானே ஏற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதுவரைக்கும் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் எனக்குள் ஏதோ மாறியது. முதலில் எரிச்சல். ஜமீலா பேசுவது பிடிக்கவில்லை. எழுந்து நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. திருமுல்லைவாயில் எந்தப் பக்கம் என்றுகூட யோசிக்காமல் எழுந்தேன்.

"எங்கண்ணே போறீங்க?"

"வீட்டுக்கு. மாலதி காத்துட்டிருப்பா."

"அவங்க அமெரிக்காலன்னு சொன்னீங்க?"

"வீட்டுக்கு. மாலதி காத்துட்டிருப்பா" என்று மறுபடி சொன்னேனாம். இது எனக்கு நினைவில்லை, அவர் பிறகு சொன்னது. அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததும், அந்தக் கையை விடாமல் தடவிப் பார்த்ததும் நினைவிருக்கிறது.

"கை ஜில்லுன்னு கீது. சட்டையெல்லாம் ஈரம். அண்ணே, கடைசியா எப்ப துன்னீங்க?"

இட்லி என்று சொல்ல வந்தேன், நாக்கு குழறியது. காலையில் மாத்திரை, இரண்டு இட்லி, அதன் பிறகு மதியச் சாப்பாடே இல்லை. சர்க்கரை தாழ்ந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை ஏறுவதற்குப் பயந்து பயந்து, இறங்குவதை நான் மறந்தே போயிருந்தேன். ஜமீலாவின் கண்ணுக்கு என் முகம் தெரியவில்லை, வியர்த்ததும் தெரியவில்லை. என் குரல் குழறியதையும் கையையும் வைத்துப் புரிந்துகொண்டார். பையைத் துழாவிக் கடலை மிட்டாய் ஒன்றை எடுத்தவர், அதை வைத்துவிட்டு, "இது லேட்டாவும்" என்று எழுந்து சத்தம் போட்டார்.

"யப்பா கண்டக்டரு! சக்கர தூக்கலா ஒரு டீ! ஓடியாப்பா!"

டீ வந்தது. அடியில் கரையாத சர்க்கரையோடு. அவர் டம்ளரை என் வாயில் வைத்து, குடிக்கக் குடிக்க, "இன்னும், இன்னும்" என்றார். பிறகு மிட்டாய், பிறகு நடத்துனர் வாங்கி வந்த பிஸ்கட். கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. முதலில் சத்தங்கள், அப்புறம் வெட்கம். சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. ஒரு டெப்போவில், பெயர் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணின் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தனியா வந்திருந்தீங்கன்னா இன்னேரம் ரோட்ல உய்ந்து கீப்பீங்க" என்றார். திட்டுவது போல. பிறகு குரல் இறங்கி, "ஊட்ல கண்ணைப் பத்தி சொல்லிகீறீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பயந்துடுவா. போட்டது போட்டபடி கிளம்பி வந்துடுவா."

"வரட்டுமே. நான் பையன்கிட்ட சொல்லிட்டேன். வீடியோல விரலைக் காமிச்சு எத்தினின்னு கேட்டான். தப்பா சொன்னேன். போனை வெச்சிட்டான். அளுதான்னு மருமவ சொன்னா. அளுவட்டும்ணே. எனுக்காக யாரோ அளுவறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கிதான் நான் தூங்குனேன்."

பணிமனைக்குள் பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, காலியாயின, மறுபடி கிளம்பின.

மூன்றரைக்குப் பூந்தமல்லி வண்டி. நடத்துனர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், எங்களை ஏற்றி, அந்த வண்டி ஓட்டுநரிடமும் சொல்லிவிட்டுப் போனார். பூந்தமல்லியில் ஜமீலா என்னை ஆவடி வண்டியில் உட்கார வைத்தார். "வர்றேண்ணே" என்று சொல்லி இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு துப்பட்டா கூட்டத்துக்குள் போய்க் கலந்தது. நன்றி சொல்லவில்லை என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். கண் ஓரளவு தெளிந்திருந்தது. கதவைத் திறந்தால் காலையில் நான் விட்டுப் போன மாதிரியே எல்லாம் இருந்தது. தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும், வீடு கொஞ்சம்கூட மாறாமல் இருப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று. விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. மாலதி பேரனைத் தூக்கிக் காட்டினாள். பல் முளைத்திருக்கிறதாம். எனக்குத் தெரியவில்லை. தினமும் தெரிந்தது போலத் தலையாட்டுவேன். அன்று ஆட்டவில்லை.

"மாலதி, எனக்குப் பல் தெரியல. கண்ணுல கோளாறு. சர்க்கரையால."

பேரனைச் சோபாவில் இறக்கிவிட்டாள். போன் சரிந்து அவர்கள் வீட்டுக் கூரையைக் காட்டியது. கொஞ்ச நேரம் கூரை மட்டும்தான்.

"எந்தக் கண்ணு?" என்றாள்.

"ரெண்டும்."

மறுபடியும் கூரை. பிறகு அவள் முகம் வந்தது. அழுதாளா என்று இந்தக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போதிருந்து, எந்த டாக்டர், என்ன மருந்து என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் சொன்னேன், டெப்போவையும் சொன்னேன்.

"அந்தம்மா நம்பர் வாங்கினீங்களா?"

"இல்ல."

"நன்றியாவது சொன்னீங்களா?"

"வண்டி கிளம்பிடுச்சு."

"என்ன மனுஷன் நீங்க?" என்றாள். என் கண்ணைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியும் உடையாத குரல், அப்போது உடைந்தது.

செப்டம்பரில் இரண்டாவது முறை போனேன். இந்தத் தடவை முத்து கூட வந்தான். பிரியாவிடம் நடந்ததைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க வண்டியிலேயே அனுப்பியிருப்பேனே சார். மயக்கம் போட்டு விழுந்திருந்தா என்ன ஆகறது?" என்றார். சர்க்கரை தாழ்ந்த விவரத்தை டாக்டரிடம் சொல்ல வைத்தார். ஜமீலாவைப் பற்றிக் கேட்டேன். ஆராய்ச்சியில் இருக்கும் மற்றவர் விவரத்தைச் சொல்லக் கூடாது என்றார். அது நியாயம்தான்.

ஆகவே பரிசோதனை முடிந்து கண் தெளியும் வரை அங்கேயே இருந்துவிட்டு, பூந்தமல்லியில் இறங்கித் தேடினேன். முத்துவைக் கடைவீதி முனையில் டீ குடிக்கச் சொல்லிவிட்டு, மூன்று மேட்சிங் சென்டர்களில் ஏறி இறங்கினேன். நான்காவது கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மூக்குக் கண்ணாடியும் சாம்பல் நிறத் துப்பட்டாவுமாகக் கல்லாவில் இருந்தார். பக்கத்தில் இளம்பெண் ஒருத்தி துணி அளந்துகொண்டிருந்தாள். கல்லாவில் இருந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், முன்பின் தெரியாதவரைப் பார்ப்பது போல. நானும் அப்படித்தான் பார்த்தேன். அரை நாள் கூட இருந்திருக்கிறோம், என் உயிரைக் கையில் பிடித்து வைத்திருந்தவர், ஆனால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடிய கண்ணோடு இருவரும் அன்று இல்லை.

"இன்னா கலர் சார்?" என்றார்.

குரல். அதேதான்.

"கலர் வேணாம்மா. அன்னிக்கு நன்றி சொல்லாம போயிட்டேன்."

அவர் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "அண்ணே! நீங்க இம்மாம் வயசானவரா? குரலைக் கேட்டு சின்ன ஆளுன்னு நெனச்சேனே!" என்று சிரித்தார். மருமகளைக் கூப்பிட்டு, "நான் சொன்னேன்ல, டீ அண்ணன்" என்று அறிமுகம் செய்தார். நிறம் பார்க்கும் வேலையை இப்போது மருமகளிடம் விட்டுவிட்டாராம். தான் பேரம் மட்டும் பேசுவதாகச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அளந்து வைத்த துணியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஆவடி அல்லது அம்பத்தூர்ப் பக்கமிருந்து போய்வர ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். செலவு ஐம்பது, அறுபது ரூபாயைத் தாண்டாது, பயணப்படியும் தருகிறார்கள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி இரண்டும் கட்டாயம். வெறும் வயிற்றில் போகிற நாளில் சர்க்கரை மாத்திரையை எப்போது, எவ்வளவு போடுவது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நான் செய்தது போலக் குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள். பையில் இனிப்பும் சாப்பாடும் இருக்கட்டும். காகிதங்களைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், புரியாததைக் கேளுங்கள். குணமாகிவிடும் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். நான் விழுங்குவது மருந்தா வெறும் மாத்திரையா என்று இன்னும் தெரியாது. ஆராய்ச்சி முடிய வருடங்கள் ஆகும். பதில் வரும்போது அது எனக்குப் பயன்படாமலும் போகலாம். பன்னிரண்டு வருடம் கழித்துச் சர்க்கரை வரப்போகிற யாருக்கோ பயன்படலாம்.

துணைக்கு ஆள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல எனக்கு இருந்த கூச்சம், கண்ணில் மருந்து விட்டதைவிட அதிகமாக என் பார்வையை மறைத்தது.

மாலதி ஜனவரியில் வருகிறாள். டிசம்பர் பரிசோதனைக்கு ஜமீலாவும் நானும் பிரியாவிடம் பேசி ஒரே நாளாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம். சொட்டு மருந்து அவருக்குக் காலை எட்டு மணிக்கு, எனக்கு மதியம் ஒரு மணிக்கு. காலையில் அவரை நான் பார்த்துக்கொள்வேன், சாயங்காலம் என்னை அவர்.